எஸ்தர் டீச்சரும் கேடயவால் பாம்பும்

எஸ்தர் டீச்சர் இறந்த செய்தி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது, தேனி உழவர் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். முந்தின நாள்தான் போனில் பேசியிருந்தார். பையை அங்கேயே வைத்துவிட்டுச் சின்னமனூருக்குப் பஸ் ஏறினேன்.

அவரிடம் படித்தவர்களுக்கும் என்னைப்போல் உடன் வேலை பார்த்தவர்களுக்கும் அவருடைய பாம்புப் பைத்தியம் தெரியும். மேகமலை மண்ணுக்குள் கேடயவால் பாம்பு என்று ஒன்று இருக்கிறது. நல்ல மழைக்குத்தான் மேலே வரும். விஷம் கிடையாது. அதில் ஓர் அரிய வகையை உயிரோடு ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பது டீச்சரின் ஆசை. ஓய்வுபெற்ற பிறகும் அதற்காகவே மலையேறினார்.

அங்குள்ள தேயிலைத் தோட்டத்தில் களை வெட்டும் பெண்களிடம் தன் நம்பரைக் கொடுத்துவைத்திருந்தார். அவர்களும் கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் பாம்பு செத்துக் கிடக்கும். ஒருமுறை நானும் கூடப் போனேன். "தலைய நசுக்கியாச்சு டீச்சர், பயப்படாமத் தொடுங்க" என்றார் அவர்களில் ஒருவரான பேச்சியம்மா. நசுக்கியிருந்தது வாலை. அந்தப் பாம்புக்கு வால் நுனி மொட்டையாக, தலை மாதிரி இருக்கும். டீச்சர் கோபப்படவில்லை. "இது ஒங்கள என்ன செஞ்சுச்சு பேச்சி? அடுத்தவாட்டி அடிக்காமக் கூப்பிடுங்க" என்றார். தள்ளி நின்ற என்னைக் காட்டி, "படத்துல இருக்குற பாம்புக்கே இவுக காலத் தூக்கிக்கிருவாக" என்று சிரித்தார். எனக்கு ரோஷமாக இருந்தாலும் கிட்டே போகவில்லை.

அடக்கம் முடிந்து டீச்சர் வீட்டுக்குத் திரும்பிய மாலையில் அவருடைய போன் அடித்தது. அவர் கணவர் அதை என்னிடம் நீட்டினார்.

"டீச்சர் இருக்காகளா? பேச்சி பேசுறேன். உசுரோட இருக்கு. ஒருத்தரையும் அடிக்க விடல. வெரசா வரச் சொல்லுங்க."

சொல்லத்தான் வேண்டியிருந்தது. சொன்னேன். "ஆத்தா..." என்றார் பேச்சியம்மா. "இத இப்ப என்ன செய்ய?" என்று கேட்டார்.

"தொடாதீங்க. அதுபாட்டுக்குப் போகட்டும். எனக்குக் கொஞ்சம் காட்டுங்க" என்றேன். பேச்சியம்மாவுக்குப் பக்கத்திலிருந்த யாரோ வீடியோ காலைப் போட்டுக் கொடுத்தார்கள். ஈர மண்ணில் கருப்பாக மினுங்கியபடி அது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது. அழகாகத்தான் இருந்தது. டீச்சர் பார்க்க வேண்டியதை நான் பார்க்கிறேனே என்று அழுதேன்.

அவருடைய புத்தகங்கள் ஒரு கல்லூரி நூலகத்துக்குப் போய்விட்டன. நான் எடுத்துக்கொண்டது அந்தப் பெண்களின் அழைப்பை மட்டும்தான். "இனிமே எனக்குப் போடுங்க, வாரேன்" என்று பேச்சியம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். பாம்பென்றால் இன்னும் பயம்தான். கூப்பிட்டால் போவேன்.