யோகனின் புள்ளிகள்

நானாட்டான் சந்தியில் பஸ் நிற்கிறது. சைக்கிள் ஓட்டப் போட்டிக்காக வீதியை மறித்திருக்கிறார்கள். சண்டை முடிந்து சனம் மீள்குடியேறிய பிறகு நடக்கும் முதல் போட்டியாம். இறங்கிப் பார்க்கிறேன். கூரைக்குத் தறப்பாள் விரித்த கொட்டில்களுக்கு முன்னால் கூட்டம் வெயிலைப் பொருட்படுத்தாமல் நிற்கிறது. விசிலோடு நின்று போட்டியை நடத்தும் சிவராசா என்பவர், பழைய ஓட்டங்களில் எடுத்த புள்ளிகளின்படி ஓட்டக்காரர்களைக் கோட்டில் நிறுத்துகிறார். நடுவில், முதலாம் ஆளின் இடம் மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது.

"அதில ஆர் அண்ணை நிக்கிறது?"

"யோகன். கடைசிச் சண்டைக்குள்ள காணாமல் போனவன். இடம்பெயர முன்னம் அவன்தான் இஞ்ச முதலாம் ஆள்."

நாலு புத்தகம் வாசித்த என் வாய் சும்மா இருக்கவில்லை. "வெளிநாட்டுத் தொழில்முறை ஓட்டங்களில புள்ளி போடுற முறை எத்தினையோ தரம் மாறியிருக்கு, அண்ணை. ஆனா எந்த முறையிலயும் பழைய புள்ளியைக் கழிச்சுப்போடுவினம். ஓடாத ஆள் தன்பாட்டில கீழ இறங்கிடுவார்."

சிவராசா கோபப்படவில்லை. வீதியோரம் தண்ணீர்ப் போத்தலோடு நிற்கும் பெண்ணைக் கண்ணால் காட்டுகிறார்.

"அது அவன்ரை மனிசி. ஏலுமெண்டா, அவவுக்கு முன்னால நீங்கள் கழிச்சுக் காட்டுங்கோ, தம்பி."

விசிலை ஊதுகிறார். எல்லோரும் அந்த இடத்தை விலத்தி, இரண்டு பக்கத்தாலும் மிதித்துக்கொண்டு பறக்கிறார்கள். சனம் அவர்களுக்குப் பின்னால் கத்திக்கொண்டு ஓடுகிறது.

அவள் மட்டும் அந்த வெற்றிடத்தையே பார்த்தபடி நிற்கிறாள். போத்தலின் மூடி இன்னும் திறக்கப்படவில்லை.