ஒற்றை ‘ட்ச்’

உலக யுத்தம் முடிந்த மறு வருஷம் என் கணவர் பஸ்ராவிலிருந்து திருத்தணிக்குத் திரும்பினார். பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். கல்யாணமாகி நாற்பதே நாள் என்னோடு இருந்துவிட்டுப் போனவர் திரும்பிவர நாலு வருஷம் ஆயிற்று. ரயிலடியில் இறங்கியவரை மாமியார்தான் முதலில் அடையாளம் கண்டார்.

அன்று சாப்பிடும்போது, “இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்தட்டுங்களா?” என்று கேட்டேன். அவர் தலையை லேசாகப் பின்னுக்கு நிமிர்த்தி, நாக்கை மேல்வாயில் ஒட்டி எடுத்து, ‘ட்ச்’ என்றார். கரண்டி என் கையிலேயே நின்றுவிட்டது. ஒருவருக்குக் கஷ்டம் என்றால் நாங்கள் அப்படி நாலைந்து தரம் உச்சுக் கொட்டுவோம். ஒரே தடவை, அதுவும் முகத்தைத் தூக்கிக்கொண்டு செய்தால், நீயும் ஆச்சு உன் குழம்பும் ஆச்சு என்று அர்த்தம்.

வெந்நீர் போடவா என்றாலும் ட்ச். பாய் விரிக்கவா என்றாலும் ட்ச். மாமியார் எதையும் கேட்டுச் செய்கிறவர் அல்ல. அதனால் அந்தச் சத்தம் எனக்கு மட்டுமே கிடைத்தது. பஸ்ராவில் யாரோ ஒருத்தி இருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். அவர் குளத்துக்குக் குளிக்கப் போன நேரத்தில் டிரங்குப் பெட்டியைத் துழாவினேன். சட்டைகளை மோந்து பார்த்தேன். பெட்ரோல் நாற்றம்தான் வந்தது. ஒன்றும் அகப்படாததே சந்தேகத்தைக் கூட்டியது. ஒளித்துவைக்கத் தெரிந்தவர் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, அவரோடு பஸ்ராவில் இருந்த மெக்கானிக் பாய் அரக்கோணத்திலிருந்து பார்க்க வந்தார். டீ கொடுத்துவிட்டு, இன்னொரு தம்ளர் வேண்டுமா என்று கேட்டேன். தலையை நிமிர்த்தி அவரும் ‘ட்ச்’ என்றார்.

“எங்க வூட்டு டீ உங்களுக்கும் புடிக்கலீங்களா?” என்று கேட்டேவிட்டேன்.

பாய் திகைத்துப்போனார். “டீ நல்லா கீது தங்கச்சி. போதும்னுதான் சொன்னேன்.”

“அப்டியா சொல்லுவாங்க?”

“அந்த ஊர்ல வாணாம்னா எல்லாரும் அப்டித்தாம்மா. கடக்காரன்லருந்து சின்னப் புள்ளைங்க வரைக்கும். கேட்டுகினே இருந்தோமா, எங்களுக்கும் ஒட்டிகிச்சி. நான் எங்க மாமனாராண்ட பண்ணிட்டு, அவரு நாலு நாள் என்கிட்ட பேசல.”

என் கணவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பாய் ரயிலுக்குப் புறப்பட்ட பிறகு, “நீ இன்னா நெனச்சிகினு இருந்தே?” என்று கேட்டார்.

சொன்னேன். பெட்டியைத் திறந்ததையும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. “அங்க யாரும் இல்ல. நான் வாணாம்னு சொன்னப்பல்லாம் நீதான் மூஞ்சத் திருப்பிகினு போனே. நான் உசுரோட வந்ததே உனக்குப் புடிக்கலியோன்னு இருந்தேன்” என்றார்.

அவர் சொன்னதை முக்கால்வாசி நம்பினேன். மீதிக்குச் சில மாதங்கள் பிடித்தன. ஆனால் அன்று சாயங்காலம், பஸ்ராவின் பேரீச்சந்தோப்புகளையும் மணல்காற்றில் லாரி சிக்கிக்கொண்டதையும் அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன். விளக்கை மாமியார்தான் ஏற்றினார்.