சுடாத கல்

அப்பாவுக்குப் புனே பிடிக்காது. ஊரைவிட ஊரின் கல் பிடிக்காது. சாங்வியில் எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் அஸ்திவாரம் தோண்டிக் குவித்த கறுப்புப் பாறையைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ கல்லு கீது, ஒரு பொட்டுத் தங்கம் கெடையாது. வெத்துக் கல்லு" என்றார். கோலார் தங்கச் சுரங்கத்தில் ஆயுசைக் கழித்தவர். சுரங்கத்தை மூடினார்கள், பிறகு அம்மா போனாள், அதன்பின் மூச்சும் கெட்டு என்னிடம் வந்து சேர்ந்தார். நெஞ்சு முழுக்கக் கல்தூசி. மூக்கில் குழாயை மாட்டிக்கொண்டு ஆக்ஸிஜன் மெஷின் பக்கத்திலேயே நாள் முழுதும் உட்கார்ந்திருப்பார்.

எனக்கு வேலை கற்களுக்கு வயது பார்க்கும் ஆய்வகத்தில். "உன் கோலார் கல்லும் இதே மாதிரி எரிமலைக் கல்லுதான்பா. அது கெழவன், இது கொழந்த. அவ்ளோதான்" என்பேன். "கொழந்தைக்கு இன்னும் பல்லு மொளைக்கல போல" என்று சிரிப்பார். சிரித்தால் இருமல் வரும். அந்த இருமல் எப்போது நிற்கும் என்று இரண்டு பேரும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு காத்திருப்போம்.

அவரிடம் ஒரே ஒரு கல் இருந்தது. கடைசியாகச் சுரங்கத்துக்குள் இறங்கிய அன்று டிபன் டப்பாவில் போட்டுக்கொண்டு வந்தது. வெள்ளைக் கல், ஓரத்தில் கறுப்புப் பாறை ஒட்டியிருக்கும், இரண்டுக்கும் நடுவில் மைக்கா செதில்கள் மினுங்கும். அதன் வயது அவருக்குத் தெரிந்தாக வேண்டும். புத்தகத்தில் இருப்பதைச் சொன்னேன், இருநூறு கோடி வருஷத்துக்கும் மேலே என்று. ஒத்துக்கொள்ளவில்லை.

"அது பொஸ்தகத்துக் கல்லோட வயசு. இது என் கல்லு. இன்னா வயசுன்னு தெரிஞ்சிக்கினு போறேன் பாப்பா."

போறேன் என்றால் எங்கே என்று எனக்கு விளங்காமல் இல்லை. ஆய்வகத் தலைவரிடம் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கினேன். சுரங்கத்தில் இப்போது தண்ணீர் நிரம்பிக் கிடக்கிறது, இன்னொரு கல் கிடைக்காது, பார்த்துச் செய் என்றார் அவர்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பாவுக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். தங்கத்துக்குள் கடிகாரம் கிடையாது. எரிமலைக் குழம்பு இறுகி வெகு காலம் ஆனபின், அதன் விரிசல்களில் சுடுநீர் ஏறும். அந்த நீர்தான் தங்கத்தைக் கொண்டுவந்து படியவைக்கும். மைக்காவும் அதே நீரில் விளைவதுதான். மைக்காவுக்குள் இருக்கும் பொட்டாசியம் துளித்துளியாக ஆர்கான் வாயுவாக மாறி, வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் மைக்காவின் வயது தெரியும், தங்கம் வந்த காலமும் தெரியும். "நாளான்னிக்குக் கல்ல லேபுல ஒடச்சு, மைக்காவ ஊசியால பொறுக்கணும். அதான் முதுகு ஒடியற வேலை" என்றேன். கேட்டுக்கொண்டே இருந்தார். நெருப்பைப் பற்றி நான் பேசவில்லை. வீட்டில் யார் கல்லைச் சுடப் போகிறார்கள்?

மறுநாள் மத்தியானம் கீழ்வீட்டு மராத்தி அம்மாள் போன் செய்தாள். உங்கள் வீட்டிலிருந்து கந்தக நாற்றம் வருகிறது, கதவைத் தட்டினால் திறக்கவில்லை என்றாள். ஆட்டோ பிடித்து ஓடி வந்தேன். அப்பா சமையல்கட்டில் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. மெஷின் கூடத்தில் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. நெருப்புக்குக் கிட்டே குழாயைக் கொண்டுபோகாதே என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! அதை மட்டும் தவறாமல் கேட்டிருக்கிறார். கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

அவர் மடியில் இஞ்சி இடிக்கிற இரும்பு உரல். பக்கத்தில் எவர்சில்வர் தட்டு. கோலாரில் எங்கள் தொழிலாளர் லைனில் சில வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு செய்வார்கள். கல்லை அடுப்பில் அதிலிருக்கும் கந்தகம் நாறப் பழுக்கச் சுட்டு, தண்ணீரில் போட்டு, பொரபொரவென்று ஆனதும் இடித்து அலசித் தங்கம் பார்ப்பார்கள். அதையே எனக்காகச் செய்திருந்தார்.

"ஒனக்கு வேலைய... கொறச்சிட்டேன் பாப்பா" என்றார். "பாரு, தங்கம் கூட கீது."

தட்டின் ஓரத்தில் நிஜமாகவே ஒரு துளி மஞ்சள். குழாயை எடுத்து வந்து அவர் மூக்கில் மாட்டும்போதே என் வாய் சும்மா இருக்கவில்லை. "ஐயோ, இன்னாப்பா பண்ணிட்ட! சுட்டா வாயு ஓடிடும்பா! எவ்ளோ ஓடிச்சு, எவ்ளோ மிச்சம்னு எந்த மெஷினாலயும் சொல்ல முடியாது. எல்லாம் போச்சு!" அப்பா தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தட்டை மெதுவாகத் தள்ளிவைத்தார்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் சுவர்ப் பக்கமே திரும்பிப் படுத்திருந்தார். மூன்றாம் நாள் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நெஞ்சு முழுக்க வெள்ளை வெள்ளையாக இருந்தது. டாக்டர் போனதும் அப்பா என் கையைச் சுரண்டினார்.

"அது அந்தக் கல்லுத் தூசிதானே?"

"ஆமாம்பா."

"அதுல மைக்கா இருக்குமா?"

"இருக்கும்."

"அத யாரும் சுடலியே" என்றார். கண்ணில் பழைய குறும்பு எட்டிப் பார்த்தது. "பொறுக்கிப் பாக்கறியா?"

"வாயை மூடிட்டுப் படுப்பா" என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்கு வந்து அழுதேன்.

அந்த வாரமே போய்விட்டார். குடியிருப்புக்காரர்கள் நல்ல மனதோடுதான் சொன்னார்கள், கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடைக்க அலைய வேண்டும், மின்மயானம் பக்கத்தில்தான் இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று. இந்தியில் பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சுடக் கூடாது! அவர யாரும் சுடக் கூடாது!" என்று தமிழில் கத்தினேன். அங்கே ஒருவருக்கும் புரியவில்லை.

இடத்துக்கு அலைந்தோம், கிடைத்தது. அரை ஆள் ஆழத்திலேயே கறுப்புப் பாறை தட்டியது. கடப்பாரை போட்டு உடைத்து, அந்த வெத்துக் கல்லுக்குள் அப்பாவை இறக்கினோம்.