நுரை வராத தண்ணீர்

கழுவும் கூடத்தில் அவளுக்கு ‘நுரையக்கா’ என்று பெயர். தொட்டியில் நுரை பொங்கி வழிந்தால்தான் அவளுக்கு மனசு ஆறும். எண்ணெய் குடித்த பிளாஸ்டிக் வடிகட்டிக் குழல்களைப் பதினாறு வருஷம் தேய்த்ததில் கைரேகையே அழிந்துவிட்டது. குழலுக்கு உடம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. வெளியே பளபளக்கும், உள்ளே எண்ணெய் அசையாது. அதனால் கழுவியதை வெள்ளைத்தாளில் சுற்றி வைப்பாள். ஒரு மணி நேரத்தில் கறை தெரிந்தால் மறுபடி தொட்டிதான்.

ஆய்வகத்துப் பெண் தெளிந்த கரைசல் ஒன்றைக் கொண்டுவந்தபோது நுரையக்கா சிரித்தாள்.

“என்னம்மா, குழாத் தண்ணியப் பிடிச்சாந்து மருந்துங்கற?”

“இதுக்குள்ளயும் எண்ணெய் இருக்குக்கா, ரொம்பப் பொடித் துளியா. சோப்புச் சத்து அதைப் பிடிச்சு வச்சிருக்கு. ஓட்டைக்குள்ள பூந்து அழுக்கு எண்ணெயையும் இழுத்துக்கும். நுரை மட்டும் கேக்காதீங்க.”

அன்று தாள் வெள்ளையாகவே இருந்தது. மறுநாளிலிருந்து அவள் சோப்புத்தூளைத் தொடவில்லை.

இரண்டே வாரத்தில் புது சூப்பர்வைசர் வந்து தொட்டியை எட்டிப் பார்த்தான்.

“வெறும் தண்ணியில முக்கி யாரை ஏமாத்துற?”

“சார், அதுல எதையும் போட்...”

அதற்குள் இரண்டு பாக்கெட் சோப்புத்தூளைக் கொட்டிவிட்டான். தெளிந்த கரைசல் திரிந்த பாலானது. மேலே எண்ணெய் மிதந்தது.

“இப்பதான் கழுவுற மாதிரி இருக்கு!”

தாளில் சுற்றவும் விடவில்லை. வண்டி நிற்கிறதென்று தொட்டியில் கிடந்த அத்தனையையும் ஏற்றி அனுப்பினான்.

மூன்றாம் நாள் அந்தக் குழல்கள் எல்லாம் எண்ணெய்க் கசிவோடு திரும்பி வந்தன. சூப்பர்வைசர் அவள் முன்னால் ஒரு கடிதத்தை நீட்டினான். ‘கழுவியவரின் கவனக்குறைவு.’

“கையெழுத்துப் போடு. இல்லேன்னா நாளையிலேருந்து வராத.”

அவள் கடிதத்தை வாங்கிக்கொண்டாள். நுரையைப் பார்த்து மயங்கியவள்தான் அவளும். ஆனால் தாள் காட்டியதும் ஒப்புக்கொண்டாளே! இவனுக்கு மட்டும் என்ன?

திரும்பி வந்த குழல் ஒன்றை எடுத்து அவன் கடிதத்திலேயே சுற்றினாள். அவன் தூள் கொட்டும் முன் கழுவி அலமாரியில் மிச்சமிருந்த குழல் ஒன்றை வெற்றுத்தாளில் சுற்றினாள். இரண்டையும் அவன் மேஜைமேல் பட்டென்று வைத்தாள்.

“அது உங்க நுரையில குளிச்சது சார். இது நுரையில்லாமக் குளிச்சது. ஒரு மணி நேரம் ரெண்டு பேரும் உக்காந்து பாப்போம்.”

ஒரு மணி நேரம் ஆகவில்லை. ‘கவனக்குறைவு’ எண்ணெயில் ஊறிக் கலங்கியது. மற்ற தாளை அவள் பிரித்து, நீவி, அவன் பக்கம் தள்ளினாள்.

“இது சுத்தமா இருக்கு. என்ன கொட்டுனீங்கன்னு இதுல எழுதுங்க. சாட்சிக் கையெழுத்து நான் போடுறேன்.”