ஒருக்களித்த ஆண்

மாமா வீட்டை விட்டுப் போனது ஒரு புதன்கிழமை காலை. என் அக்காவின் கணவர் அவர். முந்தின நாள் சண்டை எதுவும் நடக்கவில்லை. அக்கா வேலைக்குக் கிளம்பிய பிறகு, பால்கனியில் இருந்த தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து லிப்ட் வாசலில் வைத்தார். லிப்ட் பழுதுபார்ப்பதுதான் அவர் தொழில். கதவு மூடிக்கொள்ளாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் சில வருடங்கள் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தேன். அவர்கள் வீட்டு முன்னறையில், பெட்டியைக்கூடப் பிரிக்காமல் தங்கியிருந்தேன்.

"என்ன மாமா, செடிக்கெல்லாம் இடமாற்றமா?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"செடிக்கும், எனக்கும்" என்றார். "உங்க அக்காகிட்ட நேத்தே சொல்லிட்டேன். நான் தனியா போய் இருக்கப் போறேன்னேன். சரின்னா. அவ்வளவுதான். வேற ஒரு வார்த்தை வரல."

கடைசியாக ஒரு கொடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். இலைகள் எல்லாம் வெளிறி, உப்பைத் தூவியதுபோலப் புள்ளி புள்ளியாக இருந்தன.

"அங்க போனதும் முதல் வேலையா இதுக்கு மருந்து அடிக்கப் போறேன். இதாவது பொழைக்கட்டும்" என்றார். சாவியை என் கையில் கொடுத்தார். லிப்ட் கீழே போயிற்று.

அந்தக் கொடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கோ ஒரு பழைய கட்டடத்தில் லிப்ட் சரிசெய்யப் போன இடத்தில், பின்சுவரில் படர்ந்திருந்ததை ஒரு கிளை ஒடித்துக்கொண்டு வந்து நட்டது அது. கட்டடத்தைப் பிறகு இடித்துவிட்டார்கள். தடித்த இலை, அடிப்பக்கம் மெல்லிய ரோமம். நன்றாகத்தான் வளர்ந்தது. மாமா போவதற்கு ஒரு வருடம் முன்னால் இலையில் புள்ளிகள் வந்தன. மருந்து வாங்கிவருகிறேன் என்று மாமா கிளம்ப, அக்கா தடுத்து, ஒரு இலையைக் கிள்ளிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

அக்காவுக்கு வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. செடியைத் தின்னும் சிலந்திப்பேன்களை இனம் பிரிப்பது. ஆசைப்பட்டுச் சேர்ந்ததில்லை. அவள் படிக்கப் போன வருடம் வண்டுக்கும் பட்டாம்பூச்சிக்கும் ஆள் நிரம்பிவிட்டது. சிலந்திப்பேன் பிரிவில் மட்டும் ஒரு நுண்ணோக்கி சும்மா கிடந்தது. "இத்தனை படிச்சு கடைசியில பேன் பாக்கப் போறாளே, அதை வீட்டுலயே எனக்குப் பாத்திருக்கலாமே" என்று அம்மா சொன்னாள். அக்கா சிரித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். பதினைந்து வருடமாக அதே நாற்காலி.

அன்று கிள்ளிக்கொண்டு போன இலையில் இருந்த பேன் எதனோடும் ஒத்துப்போகவில்லை. புது இனமாக இருக்கலாம் என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறாள்.

"என் கொடியைத் தின்னுட்டு உன் பேன் கொழுக்குது. அதுக்குப் பேர் வேற வைக்கப் போறியா?"

"கொஞ்ச நாள் மருந்து அடிக்காதீங்க. எனக்கு ஆண் வேணும்."

"இங்க ஒருத்தன் உக்காந்திருக்கேனே" என்றாராம். இதை அக்கா என்னிடம் சொன்னபோது, அவர்கள் கடைசியாகச் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான் என்றும் சொன்னாள். அதற்குப் பிறகு ஒரு வருடம் அந்த வீட்டில் பேச்சு மெல்ல நின்றுபோயிற்று. கொடிக்கு மட்டும் அவர் மருந்து அடிக்கவில்லை.

ஆண் எதற்கு என்றால், இந்தப் பேன்களில் பெண்கள் எல்லாம் ஒரே அச்சு. எது எந்த இனம் என்று அவற்றை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஆணின் உறுப்பு நுனி எப்படி வளைந்திருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த வளைவு பக்கவாட்டில்தான் தெரியும். ஆகவே கண்ணாடிச் சில்லில் ஆணைப் பதிக்கும்போது ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். ஊசிமுனை அளவு உடம்பு. பசைத் துளியில் அதை வைத்து, மேலே மெல்லிய கண்ணாடியை மூடி, அந்த மூடியை ஊசியால் மயிரிழை மயிரிழையாக நகர்த்தினால் உடம்பு பக்கவாட்டில் புரளும். புரண்டதும் கையை எடுத்துவிட வேண்டும். பிறகு சூட்டு அடுப்பில் வைத்துக் காயவிட வேண்டும்.

அந்த இனத்தில் ஆண்கள் அபூர்வமாக இருந்தன. அத்தனை மாதத் தேடலுக்குப் பிறகு அந்தப் புதன்கிழமை காலை அக்காவுக்கு ஒரே ஒரு ஆண் கிடைத்திருந்தது. அதைப் புரட்டிக்கொண்டிருந்தபோது மாமா போன் செய்தார். "கிளம்பிட்டேன். சாவி உன் தங்கச்சிகிட்ட இருக்கு. தொட்டியெல்லாம் எடுத்துட்டேன்." அக்கா "சரி" என்றாள். மறுபடியும் ஊசியை எடுத்து மூடியை நகர்த்தினாள். அடுப்பில் வைத்தாள். மத்தியானம் டப்பாவைத் திறந்து சாப்பிட்டாள். சாயங்காலம் வந்து, பால்கனித் தரையில் தொட்டிகள் இருந்த இடத்து வட்டக் கறைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். துணி காயப்போட இடம் கிடைத்துவிட்டது என்றாள். துவைக்கப் போனாள்.

சில்லு காய்ந்த பிறகுதான் தெரிந்தது. ஆண் குப்புறப் படுத்திருந்தது.

பசையைத் தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்தால் உடம்பை மீட்டு மறுபடியும் பதிக்கலாம். அக்கா அதையும் செய்தாள். மீட்கும்போது பின்பகுதி கிழிந்தது. வேண்டியது அந்தப் பகுதிதான்.

வீட்டில் ஈரப்பஞ்சின்மேல் அவள் வைத்திருந்த ஒரு இலை மிச்சம் இருந்தது. அதில் தோலுரிக்கக் காத்திருந்த ஒரு பெண் குஞ்சு. அதை மட்டும் தனியாகப் பிரித்துவைத்தாள்.

"தனியா வச்சு என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"ஆண் சேராம இது முட்டை போட்டா, அத்தனையும் ஆணாத்தான் பொரிக்கும்."

"அட, ஆம்பளையே இல்லாம ஆம்பளைப் புள்ளையா!"

"ஆமா" என்றாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். பஞ்சுக்குத் தண்ணீர் விட்டாள்.

பெண் முட்டை போட்டது. குஞ்சுகள் பொரிந்தன. அதற்குள் கொடியின் இலை அழுகிவிட்டது. வழக்கமாக எல்லாப் பேன்களும் தின்னும் அவரை இலைக்கு மாற்றிப் பார்த்தாள். தின்னவில்லை. இலை ஓரத்துக்கு நடந்து போய், ஈரப்பஞ்சில் விழுந்து, ஒவ்வொன்றாகச் செத்தன.

இருந்த பெண்களை வைத்தே கட்டுரை எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினாள். முதுகு ரோமம் ஒவ்வொன்றின் நீளம், கால் நகத்தின் அமைப்பு, படங்கள் எல்லாம் சரியாக இருந்தன. திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் பிரிவின் தலைவருக்கு ஆய்வகத்தில் 'ஊசி' என்று பெயர். கையிலும் ஊசி, வாயிலும் ஊசி. நான் ஒருநாள் அவளுக்குக் குடை கொடுக்கப் போயிருந்தபோது, நான்கு பேர் இருக்கும் அறையில் வந்து நின்று சொன்னார்:

"ஆம்பளை இல்லாம உன் பேப்பர் நிக்காதும்மா. நான் அப்பவே சொன்னேன்."

அறையில் யாரும் நிமிரவில்லை. மாமா போன செய்தி அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஊசிக்கே ஒரு நொடி முகம் மாறியது.

"ஆமா சார்" என்றாள் அக்கா. "அதுவும் ஒருக்களிச்ச ஆம்பளையா இருக்கணும். குப்புறப் படுத்தவனை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது."

யாரோ ஒருவர் இருமினார். அக்கா குடையை வாங்கி மேஜைக்கடியில் வைத்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் நான் கேட்டேன். "அக்கா, அந்தக் கொடி அவர்கிட்டதானே இருக்கு. ஒரு இலை கேளேன்."

"மருந்து அடிச்சிருப்பார். சொன்னா செய்யற ஆள்."

"அடிக்கலேன்னா?"

"அடிச்சிருப்பார்டி."

"சும்மா கேட்டுத்தான் பாரேன். வாயிலிருந்து முத்தா உதிர்ந்துடும்?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு நிறுத்தம் போன பிறகு சொன்னாள்: "அவர் போறேன்னப்ப நான் ஒண்ணுமே கேக்கல. இப்போ போன் பண்ணி இலை வேணும்னா, இலைக்குத்தான் பண்ணினியான்னு கேப்பார். இல்லேன்னு சொல்லணும். இல்லேன்னா வேற எதுக்குன்னு எனக்குச் சொல்லத் தெரியல."

"நான் கேக்கட்டுமா?"

"வேணாம்."

அதோடு விட்டுவிட்டேன். அவள் வெள்ளிக்கிழமைதோறும் தலைக்குக் குளித்தாள், மாதம் பிறந்தால் வீட்டு வாடகை கட்டினாள், கட்டிலில் தன் ஓரத்திலேயே படுத்தாள். கட்டிலின் மறு பாதியில் மடித்த துணிகள் சேர்ந்தன. எங்கேயாவது வலிக்கிறதா என்று அம்மா போனில் கேட்டபோது, கால் மரத்துப்போனால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது, ஊன்றினால் நிற்கிறது என்றாள். அக்காவுக்குக் காலில் ஏதோ கோளாறு என்று அம்மா புரிந்துகொண்டு, தைலம் வாங்கி அனுப்பினாள். அக்கா அதையும் வாங்கித் தேய்த்துக்கொண்டாள்.

புது இனத்தின் சில்லுகளைப் பெட்டியில் அடுக்கி, மேலே கேள்விக்குறி போட்டு அலமாரிக்குள் வைத்துவிட்டாள். மற்ற பேன்களின் வேலை நடந்துகொண்டிருந்தது. விவசாயிகள் அனுப்பும் இலைகளைப் பார்த்து, இது இன்னது என்று பதில் எழுதினாள். பெயர் வைக்கப்படாத ஒன்றை அலமாரியில் வைத்துக்கொண்டு, பெயருள்ளவற்றுக்கு மத்தியில் ஐந்து மணி வரை உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு வருடம் ஆகப்போகிறது. அதற்குள் நான் இரண்டு வேலை, மூன்று அறை மாறியிருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். போன் மேஜைமேல் சத்தம் போட்டது.

"யாருன்னு பாருடி, கை ஈரம்."

பார்த்தேன். அவளிடம் நீட்டினேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். படித்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். பிறகு, கையிலிருந்த துணிக் கிளிப்பைக் கீழே வைக்காமலேயே, என்னிடம் திருப்பிக் காட்டினாள்.

"கொடியில உன் பேன் நிறைய ஆயிடுச்சு. இலை பூரா வலை. ஆம்பளை இருக்கான்னு லென்ஸ் வாங்கிப் பாத்தேன், எனக்குத் தெரியல. நீ வந்து பாரு. மருந்து நான் அடிக்கவே இல்ல."