வேகமான லெப்டொப்

கல்யாணத்துக்கு முன்பு மாத்தளை டவுனில் சிங்களக் கடிதங்களைத் தமிழாக்கும் வேலை பார்த்தேன். கலேவெலவுக்கு வாழ வந்த பிறகும் அதை விடவில்லை. ஒரு நிறுவனம் இணையவழிக் கூட்டங்களில் பேச்சை உடனுக்குடன் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டது. பழைய லெப்டொப் செத்துப்போனபோது, புதிது வாங்கித் தருவதாக என் கணவரே சொன்னார்.

எங்கள் அறையில் பல்ப் மட்டும்தான். பிளக் இருப்பது முன் ஹோலில், மாமி டிவி பார்க்கும் இடத்தில். அதனால் எனக்கு வேகம் தேவையில்லை, சார்ஜ் நிற்க வேண்டும். சாப்பிடும்போது அவருக்கு அதைப் பொறுமையாக விளக்கினேன். ஒருவகை புரோசஸர் கரண்டைக் கொஞ்சமாக எடுக்கும், நாளெல்லாம் ஓடும். இன்னொன்று ரொம்ப வேகம், ஆனால் பிளக்கைக் கழற்றினால் சீக்கிரமே படுத்துவிடும். அவர் கேள்வி கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். என் வேலையில் இவ்வளவு அக்கறையா என்று பூரித்துப் போனேன்.

தம்புள்ளைக் கடையில் இரண்டையும் எடுத்து வைத்தார்கள்.

"டைப் பண்ண, மீட்டிங் எடுக்க இது போதும் மிஸ். காலையில சார்ஜ் போட்டா பின்னேரம் வரைக்கும் தாங்கும். மத்தது கேம், வீடியோ எடிட்டிங் செய்றவங்க எடுக்கிறது."

"மத்தத பில் போடுங்க," என்றார் அவர்.

"என்னங்க, எனக்கு சார்ஜ் நிக்கிறதுதான்..."

"கொறஞ்சத வாங்கிக் குடுத்தேன்னு உங்க வீட்ல பேசவா? சும்மா இரு."

கடைக்காரர் என்னைப் பார்க்காமல் பெட்டியை மூடினார். பாசத்தில் பெரியதை வாங்குகிறார் என்றே வீடுவரை நினைத்துக்கொண்டு வந்தேன்.

அன்று கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது குசினி ஜன்னல் வழியே பேச்சு கேட்டது.

"இவ்வளவு பெருசு அவளுக்கு என்னத்துக்குடா?" மாமி.

"கதவ சாத்திக்கிட்டு கண்டவனோட பேச முடியாதும்மா இப்ப. ஹோல்ல வந்து உக்காந்துதான் ஆகணும். அவளே சொன்னா, இது சார்ஜ் நிக்காதுன்னு."

மாமி சிரித்தார். அவரும் சிரித்தார். நான் கழுவிய சட்டியையே திரும்பக் கழுவினேன்.

ஹோலில் உட்கார்ந்தே வேலை செய்தேன். கூட்டத்தில் ஆண் குரல் கேட்டால் மாமி டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு என் வாயையே பார்ப்பார். காணி சம்பந்தமான ஒரு பெரிய கூட்டம் வந்தது. பல்லேகமப் பக்கத்து விவசாயி ஒருவர் சிங்களத்தில் அழுதுகொண்டே பேசினார். நான் அதைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். மாமி எழுந்து வந்து என் வயரைக் கழற்றி அயன் பண்ணும் பெட்டியைச் சொருகினார்.

"மாமி, கொஞ்சம் பொறுங்க, முக்கியமான மீட்டிங்."

"அவன் சட்டையும் முக்கியந்தான்."

கொஞ்சம்தான் ஏறியிருந்த சார்ஜ் விறுவிறுவென்று இறங்கியது. விவசாயி பாதி வாக்கியத்தில் இருக்கும்போதே திரை கறுத்தது.

மறுநாள் நிறுவனத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். "குறையா நெனைக்காதீங்க. வேற ஆள் பாத்துட்டோம்." அதன்பின் அழைப்பே இல்லை.

வீட்டுக்கு வந்த உறவினர்களிடம் என் கணவர், "கொம்பனிக்காரங்களுக்கு இவ பத்தாதாம், இழுத்து இழுத்து பேசுறாளாம்," என்றார். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒருவருக்கும் கோப்பை தவறவில்லை.

சும்மா கிடக்கிறதே என்று லெப்டொப்பைத் தன் தம்பிக்குக் கொடுத்துவிட்டார். அவன் கண்டியில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறான். "அண்ணி, பறக்குது!" என்று போனில் சந்தோஷப்பட்டான். நல்ல மெஷின்தான், அதன்மேல் என்ன குற்றம்?

சண்டை போட்டுத்தான் இப்போது மறுபடி மாத்தளைக்கு வேலைக்குப் போகிறேன். அலுவலகத்தில் பழைய டெஸ்க்டொப் ஒன்று தந்திருக்கிறார்கள். திரும்பும்போது பஸ் நாலந்தாவைத் தாண்டுவதற்குள் மாமியிடமிருந்து போன் வந்துவிடும். "இன்னும் எங்க நிக்கிற?" என்பார். பின்னால் டிவி சத்தம் குறையும். என்னைச் சுற்றி யார் பேசுகிறார்கள் என்று கேட்கத்தான்.