சிப்பிப் பொடியில் தேயிலை வாசம்

1. ஜாடி

சிப்பிப் பொடி இருந்த ஜாடியைத் திறந்தேன். தேயிலை மணத்தது. கடல் நாற்றம் அடித்திருக்க வேண்டிய ஜாடி அது. இரண்டாவது முறை முகர்ந்துவிட்டு லேபிளைப் பார்த்தேன். சிப்பி என்றுதான் எழுதியிருந்தது.

குன்னூரில் ஒரு சின்ன தனியார் லேபில் நான் சீனியர் கெமிஸ்ட். தேயிலையில் பூச்சிமருந்து மிச்சம் எவ்வளவு, தாமிரம் எவ்வளவு என்று பார்த்துச் சொல்வதுதான் எங்கள் பிழைப்பு. பச்சை இலை விலை விழுந்து ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாக மூடியபோது சாம்பிள் வரத்தும் நின்றுபோனது. அந்த நேரத்தில்தான் மலைமேல் இருந்த எங்களைத் தேடிக் கடல் வந்தது.

தென்கோடிக் கடலில் காற்றாலை நிறுத்தப்போகிற ஒரு கம்பெனி. தூண் துருப்பிடிக்காமல் இருக்க, தண்ணீருக்குள் அதன்மேல் 'அனோட்' என்று அலுமினியக் கட்டிகளைப் பொருத்துவார்கள். இரும்புக்குப் பதிலாகக் கட்டி கரையும். அப்படிக் கரைவது கடலில் வாழ்பவற்றை என்ன செய்யும் என்பதுதான் ஆராய்ச்சி. அதற்குத் தூண் இறங்கும் முன்பே பாறைச் சிப்பிகளின் உடம்பில் அலுமினியம் எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டும். பேஸ்லைன் என்போம். தூண் இறங்கிவிட்டால் அந்த அளவை மறுபடி எடுக்கவே முடியாது.

முக்குளித்துச் சிப்பி எடுத்து அனுப்பியவர் அந்தோணி என்ற மீனவர். முதல் பெட்டியை லாரியில் ஏற்றிவிட்டு எனக்குப் போன் செய்தார்.

"சார், ஐஸ் போட்டு அனுப்பிருக்கேன், பாத்து செய்யுங்க. நாளைக்கு சிப்பி செத்துச்சுன்னா, முன்னாடி நல்லாத்தான் இருந்துச்சுன்னு சொல்ல எங்களுக்கு வேற சாட்சி கிடையாது."

2. மில்

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு அரைக்கும் மில். தேயிலை பக்கத்தில் இருப்பதன் வாசத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். வெங்காயம் உரித்த கையோடு டேஸ்டிங் ரூமுக்குள் வந்தவரைத் துரத்திவிடும் ஊர் இது. சிப்பி வந்த புதிதிலேயே, மிச்சமிருந்த ஒரே பெரிய கஸ்டமர் தன் தேயிலைப் பொடியில் மீன் வாடை அடிப்பதாகச் சத்தம் போட்டிருக்கிறார். அது எனக்குத் தெரியாது.

ஜாடியை எடுத்துக்கொண்டு, அரைக்கும் வேலை பார்த்த செல்வியிடம் போனேன்.

"ஆமாங்க சார், முதலாளிதான் சொன்னாருங்க. ஒவ்வொரு தடவையும் சிப்பி அரைச்சதும் ஒரு கை தேயிலைக் கழிவு போட்டு ஓட்டிட்டா வாடை போயிருங்க. நம்ம பக்கம் மில்லு சுத்தம் பண்றது அப்படித்தானுங்களே?"

அப்படித்தான். அவளைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தேயிலைச் செடி மண்ணிலிருந்து அலுமினியத்தை உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கும். முதிர்ந்த இலையில் இன்னும் அதிகம். கழிவு முழுக்க முதிர்ந்த இலைதான். ஒவ்வொரு முறையும் மில்லில் ஒட்டியிருந்த அந்தத் தூள் அடுத்த சிப்பியோடு கலந்து என் மெஷினுக்கு வந்திருக்கிறது. பொடியைக் கரைக்கும் ஆசிடை மட்டும் தனியாக மெஷினில் ஓட்டிப் பார்த்திருந்தேன், வெற்றுச் சாம்பிள் என்போம்; அது சுத்தமாக இருந்தது. அந்த ஆசிட் மில்லுக்குள் போகவில்லையே! அளவு கூடுதலாக வந்தபோது சிப்பி வயிற்றுச் சேறாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ரிப்போர்ட்டும் போய்விட்டது.

3. போன்

முதலாளி போஜன் கெட்டவர் இல்லை. கட்டபெட்டில் இருந்த தன் ஃபேக்டரியை மூடிவிட்டு, இந்த லேபையாவது காப்பாற்றப் பார்த்தவர்.

"ஏனுங்க, இப்பப் போய் தப்புன்னு சொன்னா நம்மளையும் மூட வேண்டியதுதானுங்க. எல்லாரு ஊட்டுலயும் அடுப்பு எரியோணுமில்லீங்களா?"

"அரைக்காத சிப்பி ஃப்ரீசரில் இருக்குமே, அதையாவது அரைத்துப் பார்க்கலாம்" என்றேன். அதுவும் இல்லை என்றார். வாடைக்குப் பயந்து அதையெல்லாம் பின்னால் தேயிலைச் செடிகளின் அடியில் புதைக்கச் சொல்லியிருந்தார்.

அவர் எதிரிலேயே காற்றாலைக் கம்பெனி அதிகாரிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அதிகாரி பதற்றப்படவே இல்லை.

"தூணெல்லாம் இறக்கியாச்சு சார். அலுமினியம் முன்னாடியே அதிகம்னு உங்க ரிப்போர்ட் சொல்லுது. எங்களுக்கு அதுல ஒரு பிரச்சினையும் இல்ல, விட்டுடுங்க."

எழுத்திலும் அனுப்பினேன். பதில் இல்லை, அடுத்த வேலையும் வரவில்லை. மழைக்காலத்துக்குள் லேபை மூடினோம். செல்வி திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனாள்.

சில வருஷம் கழித்து அந்தோணி கூப்பிட்டார்.

"பாறையில சிப்பியெல்லாம் வாயப் பொளந்து கெடக்கு சார். போயிக் கேட்டா, இங்க மொதல்லேருந்தே அப்படித்தான்னு ஒரு ரிப்போர்ட்டக் காட்டுறாங்க. நீங்க போட்டதாமே?"

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். சிப்பி எதனால் சாகிறது என்று இனி யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதையும் சொன்னேன்.

"அப்ப நல்லா இருந்த கடல நீங்களும் பாக்கலியா சார்?"

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. வெற்றுச் சாம்பிளை ஆசிடோடு நிறுத்தாதீர்கள். உண்மையான சாம்பிள் போகிற வழி முழுக்க, மில்லுக்குள்ளும் அதை அனுப்பிப் பாருங்கள். அதற்குப் பிறகு வேலை செய்த லேபிலெல்லாம் நான் அதைத் தவறாமல் செய்தேன். அந்தோணிக்கு அது ஒன்றுக்கும் உதவாது.